ராஜ்கோட்டில் ஒரு சிறுவன் செய்த இரண்டு தவறுகள்

ராஜ்கோட்டில் 15 வயதுப் பையன் ஒருவன் தன் அண்ணனின் தங்கக் காப்பிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்தான். அண்ணனுக்கு 25 ரூபாய் அளவில் கடன் இருந்தது; அந்தத் தங்கம் கடனை அடைத்துவிட்டது. ஆனால் பையனின் மனத்தில் கணக்கு தீரவில்லை. அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. சொல்ல வாய் வரவில்லை. அந்த அப்பா பிள்ளைகளை அடித்ததாகவே அவனுக்கு நினைவில்லை என்பதால் அடிக்குப் பயந்து அவன் தயங்கவில்லை. அவர் மனம் நோகுமே என்றுதான் தயங்கினான். கடைசியில், செய்ததை ஒப்புக்கொண்டு, தக்க தண்டனை கேட்டு, இனித் திருடுவதில்லை என்று உறுதி சொல்லி, தன் குற்றத்துக்காக அப்பா தன்னைத்தானே தண்டித்துக்கொள்ளக் கூடாது என்ற வேண்டுகோளோடு ஒரு காகிதத்தில் எழுதி முடித்தான். பவுத்திர நோயால் வெறும் மரப்பலகையில் படுத்துக்கிடந்த அப்பாவிடம் நடுங்கும் கையோடு அதை நீட்டினான். அவர் எழுந்து உட்கார்ந்து படித்தார். கண்ணீர் வழிந்து காகிதம் நனைந்தது. ஒரு கணம் கண்ணை மூடியிருந்தவர், காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார்.

இந்தக் காட்சியை உலகுக்குச் சொன்னவர் அந்தப் பையனேதான். 1925-ல் நவஜீவன் இதழில் தன் வாழ்க்கையைத் தொடராக எழுதத் தொடங்கியபோது மோகன்தாஸ் கரம்சந்த் காந்திக்கு வயது 56. தான் ஓவியனாக இருந்தால் அந்தக் காட்சி முழுவதையும் இன்றைக்கும் வரைந்துவிட முடியும், அவ்வளவு துல்லியமாக அது மனத்தில் நிற்கிறது என்று அவர் அதில் சொல்கிறார். உடனே, அதிகம் கவனிக்கப்படாத இன்னொரு வாக்கியத்தையும் சேர்க்கிறார்: அன்றைக்குத் தனக்கு அதில் ஒரு தகப்பனின் அன்பு மட்டுமே தெரிந்தது, அது தூய அகிம்சை என்பது இன்றைக்குத்தான் தெரிகிறது என்கிறார். உணர்ச்சி தோய்ந்த நினைவுகளைப் பற்றி உளவியலும் நரம்பியலும் கடந்த நூறாண்டுகளில் கண்டறிந்தவற்றுள் பெரும்பகுதி இந்த இரண்டு வாக்கியங்களுக்கு இடையில் அடங்கிவிடுகிறது. அத்தகைய நினைவு ஏன் அழியாமல் நிற்கிறது என்பது முதல் வாக்கியத்தின் கேள்வி. அழியாமல் நிற்கும் அதுவே எப்படி மாறிக்கொண்டும் இருக்கிறது என்பது இரண்டாவதன் கேள்வி.

முதல் கேள்விக்கான விடை ஓரளவு தெளிவாகவே கிடைத்திருக்கிறது. அச்சமோ வெட்கமோ துயரமோ நம்மைத் தாக்கும்போது சிறுநீரகங்களுக்கு மேலுள்ள சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் கலக்கின்றன. அட்ரினலின் நேரடியாக மூளைக்குள் புகுவதில்லை. வேகஸ் நரம்பின் வழியே செய்தி மேலேறி, மூளைக்குள் நார் அட்ரினலின் சுரக்கிறது. அது பாதாம் பருப்பின் வடிவிலுள்ள அமிக்டலா என்னும் பகுதியைத் தூண்ட, அமிக்டலா பக்கத்திலிருக்கும் ஹிப்போகாம்பஸ் முதலிய பகுதிகளின் பதிவு வேலையை அழுத்தமாக்குகிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் ஜேம்ஸ் மெக்கா பல பத்தாண்டுகள் ஆராய்ந்தது இதைத்தான். அவரும் லாரி காஹிலும் மற்ற இருவரும் 1994-ல் வெளியிட்ட சோதனையில், பங்கேற்றவர்களுக்கு ஒரு சிறுவனின் கதை படங்களோடு சொல்லப்பட்டது. சிலர் கேட்ட கதையில் விசேஷமாக எதுவும் நடப்பதில்லை. வேறு சிலர் கேட்ட கதையில் சிறுவன் கார் மோதிக் கொடுங்காயம் அடைகிறான். ஒரு வாரம் கழித்து விசாரித்தால், விபத்துப் பகுதிதான் மற்றவற்றைவிட நன்றாக நினைவில் நின்றது. ஆனால் அட்ரினலின் வகைப் பொருள்களின் வேலையைத் தடுக்கும் ப்ரோப்ரனலால் மாத்திரையை முன்கூட்டியே விழுங்கியிருந்தவர்களிடம் அந்தக் கூடுதல் அழுத்தத்தைக் காணவில்லை. சாதாரணக் கதையைக் கேட்டவர்களின் நினைவை மாத்திரை எதுவும் செய்யவில்லை.

இந்த ஆய்வுகளில் நம் விஷயத்துக்கு மிக நெருக்கமான செய்தி வேறொன்று. நிகழ்ச்சி நடந்த கணத்திலேயே நினைவு உறைந்துவிடுவதில்லை. விலங்குகளுக்குப் பயிற்சி முடிந்த பிறகு மருந்து கொடுத்தாலும் அந்தப் பயிற்சியின் நினைவு வலுப்பதை மெக்கா தன் தொடக்க காலச் சோதனைகளிலேயே கண்டார். நடந்து முடிந்த பின்னும் சிறிது நேரம் நினைவு ஈரச் சிமெண்டு போலத்தான் இருக்கிறது. அந்நேரத்தில் உடலிலும் மனத்திலும் நடப்பவையும் அதில் பதிகின்றன. காப்பை வெட்டியதைப் பற்றி காந்தியின் எழுத்தில் ஓரிரு வரிகளே இருப்பதையும், அப்பாவின் கண்ணீர்தான் முழுக் காட்சியாக விரிவதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். தவறு என்று நாம் நினைவில் வைத்திருப்பது பல சமயம் தவறைவிட அதற்குக் கிடைத்த பதிலைத்தான். பாலைக் கொட்டிய கை நமக்கு நினைவிருப்பதில்லை. திரும்பிப் பார்த்த அம்மாவின் முகம் நினைவிருக்கிறது.

நினைவு என்று நாம் அறியாமலே நமக்குள் வேலை செய்யும் நினைவும் உண்டு. ஜெனீவாவின் உளவியலாளர் எதுவார் கிளாபரேத் 1911-ல் பதிவு செய்த ஒரு நோயாளிக்கு, தினமும் பார்க்கும் மருத்துவரையே அடையாளம் தெரியாத அளவுக்கு மறதி. ஒருநாள் கிளாபரேத் தன் விரலிடுக்கில் ஒரு குண்டூசியை ஒளித்து வைத்துக்கொண்டு அந்தப் பெண்மணியுடன் கைகுலுக்கினார். அடுத்த முறை அவர் கை நீட்டியபோது அந்தப் பெண்மணி சட்டென்று தன் கையை இழுத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டால், கைகளில் சில சமயம் ஊசி ஒளிந்திருக்குமே என்பதற்கு மேல் அவரால் எதுவும் சொல்ல முடியவில்லை. குத்தியவரும் நினைவில்லை, குத்து வாங்கிய நாளும் நினைவில்லை, எச்சரிக்கை மட்டும் தங்கிவிட்டது. (இப்படியொரு சோதனையை இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது.) ஒருவர் குரலை உயர்த்தினாலே நமக்கு அடிவயிறு இறுகுவதும், காரணமே இல்லாமல் ஒரு தெருவைத் தவிர்த்து நடப்பதும் இந்த வகையைச் சேர்ந்தவையாக இருக்கலாம். குணம் என்று பிறர் அழைப்பதில் இப்படிப்பட்ட, சம்பவத்தை இழந்த எச்சரிக்கைகள் நிறையவே இருக்கின்றன என்பது என் கருத்து.

இந்த எச்சரிக்கை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். அயோவா பல்கலைக்கழகத்தில் அன்டோனியோ டமாசியோவும் அன்டுவான் பெச்சாராவும் 1990-களில் நடத்திய சீட்டாட்டச் சோதனையில் நான்கு கட்டுகள் வைக்கப்பட்டன. இரண்டு கட்டுகளில் வரவும் பெரிது, நட்டம் அதைவிடப் பெரிது. மற்ற இரண்டில் வரவு சிறிதானாலும் கடைசியில் கையில் காசு மிஞ்சும். சாதாரண ஆட்டக்காரர்கள் சில முறை அடிபட்டதும் ஆபத்தான கட்டுகளை விட்டு விலகினார்கள். அவற்றை நோக்கிக் கை போகும்போதே அவர்களின் உள்ளங்கை லேசாக வியர்த்ததைக் கருவி காட்டியது. நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப்பகுதியில் சேதம் ஏற்பட்டிருந்த நோயாளிகளோ அதே கட்டுகளிலிருந்து எடுத்துக்கொண்டே இருந்தார்கள். எந்தக் கட்டு மோசமானது என்று வாயால் சொல்ல முடிந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். உள்ளங்கை வியர்வைக்கு டமாசியோ தந்த விளக்கத்தைப் பின்னால் வந்தவர்கள் கேள்வி கேட்டிருக்கிறார்கள். ஆனாலும், ஒரு தவறைத் தவறு என்று அறிந்திருப்பது வேறு, அது உறைத்திருப்பது வேறு என்ற வேறுபாடு நிற்கிறது. ‘பட்டால்தான் தெரியும்’ என்று தமிழில் சொல்லும்போது நாம் அறிவைப் பற்றிப் பேசவில்லை, படுவதைப் பற்றிப் பேசுகிறோம்.

இனி இரண்டாவது கேள்வி. காந்தி வரைந்து காட்டிவிட முடியும் என்று சொன்ன அந்தக் காட்சி எவ்வளவு தூரம் உண்மை? சரிபார்க்க வழியில்லை, இருந்த ஒரே ஆவணத்தை அப்பா அன்றே கிழித்துவிட்டார். ஆனால் இத்தகைய துல்லியத்தின் மதிப்பை வேறோர் இடத்தில் அளந்து பார்த்திருக்கிறார்கள். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் கிளம்பிய 73 நொடிகளில் சிதறி, அதிலிருந்த ஏழு பேரும் இறந்தார்கள். மறுநாள் காலை, அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழக மாணவர்களிடம், அந்தச் செய்தியை எங்கே, யாருடன், என்ன செய்துகொண்டிருந்தபோது கேட்டீர்கள் என்று உல்ரிக் நைசரும் நிக்கோல் ஹார்ஷும் எழுதி வாங்கி வைத்தார்கள். இரண்டரை ஆண்டுகள் கழித்து அவர்களில் 44 பேரிடம் அதே கேள்விகளைக் கேட்டார்கள். முழு மதிப்பெண் 7 என்றால் சராசரியாகக் கிடைத்தது மூன்றுக்கும் குறைவு. 11 பேர் பூச்சியம். ஆனால் தங்கள் நினைவு சரி என்ற நம்பிக்கை மட்டும் 5-க்கு 4-க்கு மேல் இருந்தது. அவர்கள் கைப்பட எழுதிக் கொடுத்த பழைய தாளையே எடுத்துக் காட்டியபோதும் எவருக்கும் பழைய நினைவு மீளவில்லை.

ஆகவே உணர்ச்சி, நினைவுக்கு ஒளியைக் கூட்டுகிறது. விவரங்களுக்குக் காவல் நிற்பதில்லை. இதற்கான உடலியல் அடிப்படை ஒன்றை நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கரீம் நாதர், க்ளென் ஷாஃப், ஜோசப் லெடூ ஆகிய மூவரும் 2000-ஆம் ஆண்டு எலிகளிடம் காட்டினார்கள். ஓர் ஒலியைக் கேட்டதும் மின்னதிர்ச்சி வரும் என்று பழகிய எலிகளுக்கு, பின்னர் அந்த ஒலியை மட்டும் கேட்கவைத்து நினைவைக் கிளறிவிட்டு, புதிய புரதம் உருவாவதைத் தடுக்கும் மருந்தை உடனே அமிக்டலாவில் செலுத்தினார்கள். மறுநாள் அந்த எலிகள் ஒலிக்கு முன்போல் அஞ்சவில்லை. ஒலியைக் கேட்காத எலிகளுக்கு அதே மருந்து அதே இடத்தில் செலுத்தப்பட்டும் பயம் அப்படியே இருந்தது. அதாவது, எடுத்துப் பார்க்கும்போது நினைவு இளகுகிறது; திரும்ப வைக்கும்போது மறுபடியும் உறைய வேண்டியிருக்கிறது. எல்லா நினைவுகளும் எல்லா நேரத்திலும் இப்படி இளகுவதில்லை, பழையதும் வலியதுமான நினைவுகள் எளிதில் இடம் கொடுப்பதில்லை என்று பின்வந்த ஆய்வுகள் திருத்தின. எலியின் பயத்திலிருந்து மனிதனின் வாழ்க்கைக் கதைக்கு ஒரே தாவலில் போய்விடவும் கூடாது. ஆனாலும் நம் வீடுகளில் தினமும் நடப்பதை இது கொஞ்சம் விளக்குகிறது. கல்யாண வீட்டுக் கூடத்தில், ‘இவன் சின்ன வயசுல பண்ணின காரியத்தைக் கேளுங்க’ என்று அத்தை தொடங்கும்போது, அந்தப் பழைய சம்பவம் ஒவ்வொரு தடவையும் வெளியே எடுக்கப்பட்டு, சிரிப்பில் நனைந்தோ சுருக்கென்ற குத்தலில் நனைந்தோ உள்ளே போகிறது. இருபது தடவை அப்படிப் போய் வந்த பிறகு அது சம்பவத்தின் நினைவா, அத்தையின் சொல்லல் பற்றிய நினைவா என்று அவனாலேயே பிரித்துப் பார்க்க முடியாது.

காந்தியின் ‘அன்றைக்கு அன்பு, இன்றைக்கு அகிம்சை’ என்ற வாக்கியத்தின் அருமை இங்கேதான் தெரிகிறது. 15 வயதில் அவர் பார்த்தது அழுத அப்பாவை. அகிம்சை என்ற பொருள், தென்னாப்பிரிக்கப் போராட்டங்களுக்கும் சிறைகளுக்கும் பிறகு வந்து அதில் ஏறியது. பெரும்பாலோர் இப்படி ஏறிய பொருளை முதலிலிருந்தே இருந்ததாக எண்ணிக்கொள்கிறார்கள். சேலஞ்சர் மாணவர்கள் எண்ணிக்கொண்டதைப் போல. இவர் இரண்டையும் தனித்தனியே வைத்து எழுதினார்.

அதே எழுத்தில் இன்னொரு நினைவும் உண்டு, ஏறக்குறைய அதே காலத்தது. காந்திக்கு அப்போது 16-ஆம் வயது. அப்பாவின் நோய் முற்றியிருந்தது. புண்ணுக்குக் கட்டுப் போடுவது, மருந்து கொடுப்பது, இரவில் கால் பிடித்துவிடுவது எல்லாம் மகனின் வேலை. ஓர் இரவு பத்தரை, பதினொரு மணிக்குச் சித்தப்பா வந்து தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்ல, மகன் நேரே தன் அறைக்குப் போய், கருவுற்றிருந்த மனைவியை எழுப்பினான். ஐந்தாறு நிமிடங்களில் வேலைக்காரர் கதவைத் தட்டினார். அப்பா போய்விட்டார். பிறந்த குழந்தையும் மூன்று நான்கு நாள்களுக்கு மேல் தங்கவில்லை. என்றும் அழிக்க முடியாத கறை என்று காந்தி அந்த இரவைச் சொல்கிறார். இரண்டு அத்தியாயங்களின் தலைப்புகளே போதும்: முதலாவது திருட்டும் பிராயச்சித்தமும் என்று அமைகிறது, இரண்டாவது, ஆங்கில மொழிபெயர்ப்பில், அப்பாவின் மரணத்தையும் தன் இரட்டை வெட்கத்தையும் சொல்கிறது. பிராயச்சித்தம் என்ற சொல்லுக்கு இரண்டாவதில் இடமே இல்லை.

குற்றத்தின் அளவைப் பார்த்தால் இது தலைகீழாக இருக்கிறது. திருட்டு, திருட்டுத்தான். மனைவியிடம் போன கணவன் செய்ததை, அவன் அப்பா அன்றிரவு இறக்காமல் இருந்திருந்தால், யாரும் குற்றமென்றே சொல்லப்போவதில்லை. பெரிய தவறு ஆறியது, தவறே அல்லாத ஒன்று ஆறவில்லை. வேறுபாடு, காகிதத்தை வாங்கிப் படிக்க ஓர் ஆள் இருந்ததில் இருக்கிறது என்று நினைக்கிறேன். இரண்டாவது முறை சீட்டு எழுதி நீட்ட வேண்டிய இடம் காலியாகிவிட்டது.

உளவியலாளர்கள் இந்த வேறுபாட்டுக்குக் குற்ற உணர்வு, வெட்க உணர்வு என்று இரண்டு பெயர்களை வைத்திருக்கிறார்கள். ‘தப்புப் பண்ணிவிட்டேன்’ என்பது முன்னது; ‘நானே தப்பானவன்’ என்பது பின்னது. முன்னது செயலைப் பார்க்கிறது, அதனால் ஈடுசெய்ய வழி தேடுகிறது. பின்னது ஆளையே பார்க்கிறது. ஆளை மாற்றிவிட முடியாதாகையால் ஒளிந்துகொள்ளவோ பிறர்மேல் பழியைத் தள்ளவோ தூண்டுகிறது. ஜூன் டாங்னியும் அவருடைய குழுவினரும் அமெரிக்கச் சிறைவாசிகளை விடுதலைக்குப் பின்னும் தொடர்ந்து 2014-ல் வெளியிட்ட ஆய்வில், குற்ற உணர்வு மிகுந்தவர்கள் மறுபடியும் குற்றத்தில் இறங்குவது குறைவாக இருந்தது. வெட்க உணர்வு இரண்டு பக்கமும் இழுத்தது: பழியைப் பிறர்மேல் போடும் பழக்கத்தோடு சேர்ந்தபோது அது மீண்டும் குற்றத்துக்கே வழிவிட்டது, அந்தப் பழக்கம் சேராதபோது தடுக்கவும் செய்தது.

இந்தச் சிக்கலை நம் பழைய உரையாசிரியர்கள் ஒரு குறளை வைத்துக்கொண்டு வேறு மொழியில் பேசியிருக்கிறார்கள். வினைத்தூய்மை அதிகாரத்தில் 655-ஆம் குறள் இது: ‘எற்றென்று இரங்குவ செய்யற்க செய்வானேல் மற்றன்ன செய்யாமை நன்று.’ என்ன செய்துவிட்டோம் என்று பின்னால் வருந்தும்படியானதைச் செய்யாதே என்ற முதற்பாதியில் சச்சரவு இல்லை. ஒருவேளை செய்துவிட்டால், ‘மற்றன்ன’ செய்யாமை நன்று என்கிறாரே, எவற்றைச் செய்யாமை? அதுபோன்ற செயலை மறுபடி செய்யாமை என்பது மணக்குடவரின் வழி. பரிமேலழகரோ, பின்னால் இருந்து அந்த இரங்கல்களைச் செய்யாமை நன்று என்று கொள்கிறார். ஒருவருக்குத் தவறு திரும்பக் கூடாது. மற்றவருக்கு வருத்தம் திரும்பத் திரும்ப வரக்கூடாது. இலக்கணப்படி எது பொருந்தும் என்ற வாதத்தைப் புலவர்களிடம் விட்டுவிடலாம். காந்தியின் முதல் நினைவு மணக்குடவரின் உரைக்குள் அடங்கிவிடுகிறது, இரண்டாவதற்குப் பரிமேலழகர் தேவைப்படுகிறார் என்று எனக்குப் படுகிறது.

வாழ்க்கைக் கதைகளை ஆராய்ந்த டான் மெக்காடம்ஸ், மனிதர்கள் தம் கதையைச் சொல்லும்போது இரண்டு வகைத் திருப்பங்கள் அடிக்கடி வருவதைக் கவனித்தார். கெட்டது நடந்தது, அதிலிருந்து நல்லது பிறந்தது என்பது மீட்சித் திருப்பம். நன்றாக இருந்தது, ஒரு கணத்தில் எல்லாம் கெட்டது என்பது கறைபடிந்த திருப்பம். அடுத்த தலைமுறைக்காக உழைக்கும் நடுவயதினரிடம் மீட்சித் திருப்பங்கள் மிகுந்திருப்பதாக அவர் கண்டார். அது அமெரிக்கர்களுக்கு மிகவும் பிடித்த கதைவடிவம் என்றும் அவரே எச்சரித்திருக்கிறார். எல்லாத் துன்பத்திலிருந்தும் பாடம் கற்றே தீர வேண்டும் என்று ஒருவரை நெருக்குவதும் ஒரு வன்முறைதான். காந்தியிடம் இரண்டு வடிவங்களும் அடுத்தடுத்த பக்கங்களில் கிடக்கின்றன. 1906-ல் அவர் பிரம்மச்சரிய விரதம் எடுத்ததற்குப் பொதுத்தொண்டைக் காரணமாகச் சொன்னார். உளப்பகுப்பாய்வாளர் எரிக் எரிக்சன் காந்தியைப் பற்றி 1969-ல் எழுதியபோது, அந்த மரண இரவைப் பல பழைய போராட்டங்களைத் தன்னடியில் மறைத்து நிற்கும் ஒரு மூடுநினைவாகப் பார்த்தார். விரதத்தின் காரணங்களில் ராஜ்கோட்டின் அந்தக் கதவுக்கு எவ்வளவு பங்கு என்று அளந்து சொல்ல முடியாது. ஆனால் உடல் இச்சையைப் பற்றி காந்தி எழுதும்போதெல்லாம் தன்மீது காட்டும் கடுமை, திருட்டைப் பற்றி எழுதும்போது அவரிடம் இல்லை. அந்தக் கடுமை அவரோடு நின்றுவிடவும் இல்லை. உடன் வாழ்ந்தவர்கள்மேலும் ஆசிரமத்து இளைஞர்கள்மேலும் விழுந்தது.

தென்னாப்பிரிக்காவில் காந்தி நிறுவிய ஃபீனிக்ஸ் குடியிருப்பில் இருவர் ஒழுக்கம் தவறியதாகச் செய்தி வந்தபோது அவர் ஜோஹன்னஸ்பர்க்கில் இருந்தார். உடனே ரயிலேறினார். அவர்களைத் தண்டிக்கவில்லை, ஏழு நாள் உண்ணாநோன்பும், அதன்பின் நாலரை மாதம் ஒரு வேளை உணவும் என்று தனக்குத்தானே விதித்துக்கொண்டார். பொறுப்பில் இருப்பவன் தன்னிடம் வளர்பவரின் தவறுக்கு ஓரளவாவது தானும் பொறுப்பு என்பது அவர் சொன்ன நியாயம். பிள்ளைகளின் தவறைக் கண்டு கோபிக்காமல் நோகும் தகப்பனாக அங்கே அவர் நின்றார். ஆனால் ராஜ்கோட்டில் பலகைமேல் கிடந்தவர் பட்டினி கிடக்கவில்லை, காகிதத்தைக் கிழித்துவிட்டுப் படுத்துக்கொண்டார். என் குற்றத்துக்காக உங்களை நீங்களே தண்டித்துக்கொள்ளாதீர்கள் என்பதுதான் அந்தக் காகிதத்தின் கடைசி வரி.